மறுபடியும் புதுப்பித்து வெளியிட வேண்டிய பழைய வீடியோ கேம் எது? ஏன்?

ஈஏ ஸ்போர்ட்ஸ் கிரிக்கெட் 07. எத்தனை தரம் கேட்டாலும் என் பதில் இதுதான்.

கேள்வி கேட்டவர் படிக்கிற வயதில் இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். வீட்டில் ஒரு சாதாரண லேப்டாப் இருக்கும். இப்போது வருகிற கேம் எதைப் போட்டாலும் அது இரைந்து சூடாகி நின்றுவிடும். பழைய கேம் ஏதாவது கொஞ்சம் மெருகேறி, நம்முடைய மெஷினிலேயே ஓடுகிற மாதிரி வராதா என்று யோசித்திருப்பீர்கள். அந்த ஏக்கம் எனக்கு நன்றாகவே விளங்கும்.

வைஸ் சிட்டி, கமாண்டோஸ், ஐஜிஐ என்று சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள். அவை குறைந்தவை என்று நான் சொல்லவில்லை, நானும் விளையாடியவன்தான். ஆனால் அந்தக் காலத்துக் கேம்கள் பலவற்றை அவற்றின் சொந்தக்காரர்கள் தூசு தட்டி எடுத்துவிட்டார்கள். ஏஜ் ஒஃப் எம்பயர்ஸ் இரண்டாம் பாகம் 2019இல் புதுப்பொலிவோடு வந்தது. வைஸ் சிட்டி 2021இல் வந்தது. கமாண்டோஸுக்கு 2025இல் ஒரிஜின்ஸ் என்று ஒரு புதுப் பாகமே வந்துவிட்டது. கிரிக்கெட்டுக்கு மட்டும் கேட்க ஆளில்லை. 2006 நவம்பரில் கிரிக்கெட் 07 வந்தது. அதோடு சரி, அந்த வரிசையில் கணினிக்கு இன்னொன்று வரவேயில்லை. கால்பந்து வருடா வருடம் வந்துகொண்டிருக்க, நமக்கு மட்டும் கதவைச் சாத்திவிட்டார்கள்.

தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. அந்தக் கேமை வெளியிட்டது ஈஏ நிறுவனம், செய்தவர்கள் கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் லூனன்பர்க் என்ற சின்னக் கடற்கரை ஊரில் இருந்த எச்பி ஸ்டூடியோஸ். மீன்பிடிக்குப் பேர்போன ஊர் அது. அங்கே இருந்து செய்த கேமை நம்முடைய ஆட்கள் இன்னும் விளையாடுகிறார்கள் என்பதே எனக்குப் பெரிய விஷயம். அதே நிறுவனம் பிறகு கோல்ஃப் கேம்களுக்குப் போய், 2021இல் 2கே என்ற பெரிய நிறுவனத்தின் கைக்குப் போய்விட்டது.

அட்டையில் இங்கிலாந்து வீரர் ஃபிளின்டோஃப். இங்கிலாந்தும் அவுஸ்திரேலியாவும் மோதிய 2006-07 ஆஷஸ் தொடரை ஒட்டி வந்த கேம் என்பதால் அந்த இரண்டு நாட்டு வீரர்களின் பெயரைப் போட உரிமம் வாங்கியிருந்தார்கள். அந்த இரண்டு அணியிலும் பெயர்கள் அச்சொட்டாக இருக்கும். கில்கிறிஸ்ட் கில்கிறிஸ்ட்தான், பொன்டிங் பொன்டிங்தான். இலங்கைப் பக்கம் வந்தால் எழுத்துகளை மாற்றிப் பிசைந்த பெயர்கள். இந்தியா, பாகிஸ்தானுக்கும் அதே கதி. ஆளின் உயரத்தையும் நிறத்தையும் பார்த்து இவர் இன்னாராக இருக்க வேண்டும் என்று நாங்களே ஊகிக்க வேண்டும். முதல் தரம் பார்த்தபோது எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. உலகக் கோப்பை வென்ற நாடு, அதன் ஆட்களுக்குப் பேர்கூட இல்லையா?

ஆனால் அந்தக் கேமுக்குள்ளேயே பெயரை மாற்ற ஒரு வசதி இருந்தது. என் பதில் முழுக்க அந்த வசதியைப் பற்றியதுதான்.

எங்கள் ஊர் இலங்கையில் மட்டக்களப்பு மாவட்டத்து ஆரையம்பதி. அக்கா வந்தாறுமூலைக் கெம்பஸுக்கு எடுபட்டதும் அப்பா கடன்பட்டு ஒரு பாவித்த பென்டியம் 4 வாங்கினார். பகலில் அது அக்காவுக்கு, இரவில் எங்களுக்கு. 2007 எங்கள் மாவட்டத்துக்கு எப்படிப்பட்ட வருடம் என்று மட்டக்களப்பாருக்கு நான் சொல்லத் தேவையில்லை. வாவிக்கு மேற்கே படுவான்கரையில் சண்டை மூண்டு, சனம் எல்லாம் எழுவான்கரைக்கு ஓடி வந்தது. பாடசாலை, கோயில் வளவு, வெறுங்காணி என்று எங்கு பார்த்தாலும் கூடாரம். கொக்கட்டிச்சோலைப் பக்கத்தில் இருந்த மாமாவின் குடும்பம் எங்கள் வீட்டுக்கு வந்தது. பொழுதுபட்டால் பொடியன்மாரை வெளியே விடமாட்டார்கள். விளையாடப் போனவன் திரும்பி வரும்வரை தாய்மார் கடப்படியில் நின்ற காலம் அது.

“கேம் விளையாடித்தான் பிள்ளைகள் கெட்டுப்போகிறார்கள்” என்று கீழே யாராவது எழுத வருவீர்கள். எழுதுங்கள். அந்த வருடம் எங்கள் அம்மா, கேம் விளையாடாதே என்று ஒரு நாளும் சொல்லவில்லை. “உள்ளுக்கு இரிந்து விளையாடுங்க மனே” என்றுதான் சொன்னா. பிள்ளை கண்முன்னே இருக்கிறான் என்பது அவவுக்குப் போதுமாக இருந்தது. அந்தக் காலத்தில் இங்கே இருக்காதவர்கள் எங்களுக்கு நல்ல பழக்கவழக்கம் சொல்லித்தர வர வேண்டாம்.

மாமாவின் மகன் என்னைவிடக் கொஞ்சம் மூத்தவன். அதுவரை கொம்பியூட்டரைத் தொட்டதே இல்லை. அறுவடை முடிந்த வயலில் தென்னை மட்டையில் வெட்டிய பட்டால் அடித்துப் பழகியவன். இந்தக் கேமில் பந்து குத்தப்போகும் இடத்தில் தரையில் ஒரு குறி தெரியும். வலது கை அம்புக்குறிகளில், இடது கை எழுத்துகளில். எந்தப் பக்கம், தரையோடா தூக்கியா, எப்போது என்பதுதான் ஆட்டம். மற்றவர்கள் அந்தக் குறியையே பார்த்துக்கொண்டு அவசரப்பட்டு அழுத்துவார்கள். மச்சான் குறியைப் பார்ப்பதே இல்லை. பந்துவீச்சாளரின் கையைப் பார்ப்பான். “வயல்ல எவன் மச்சான் குறி போட்டுத் தாறான்?” என்று கேட்பான். இரண்டு இரவுக்குள் எங்கள் எல்லாரையும்விட அவன் கெட்டிக்காரன் ஆகிவிட்டான்.

கீபோர்ட் ஒன்றுதான். அதனால் எங்களுக்கென்று ஒரு சட்டம் இருந்தது. ஆட்டமிழந்தால் எழும்ப வேண்டும், அடுத்தவன் உட்காருவான். எல்லாரும் ஒரே அணிக்கு ஆடி, எதிரே கொம்பியூட்டர். இரண்டு ஓட்டத்தில் எழும்பியவன் முதுகுக்குப் பின்னால் நின்று கத்துவான். அம்மா படுத்திருப்பா என்பதால் சத்தம் வைக்க ஏலாது. அந்தக் கேமில் வர்ணனை செய்தவர்கள் ரிச்சி பெனோவும் மார்க் நிக்கலஸும். இருவரையும் நிறுத்திவிட்டு மச்சான் காதுக்குள் குசுகுசு என்று வர்ணனை தொடங்குவான். ஊர் மென்பந்துச் சுற்றுப்போட்டிகளில் மைக் பிடிக்கிற அண்ணன்மார் இருக்கிறார்களே, அதே பாணி. “பந்து எல்லைக்கோட்டை நோக்கி ஓடுகிறது, ஓடுகிறது, நான்கு ஓட்டங்கள், பார்வையாளர்கள் தயவுசெய்து கயிற்றுக்குப் பின்னால் நிற்கவும்.” சிரிப்பை அடக்க முடியாமல் தலையணையைக் கடித்திருக்கிறோம்.

ஏப்ரல் 28 உலகக் கோப்பை இறுதிப் போட்டி, இலங்கையும் அவுஸ்திரேலியாவும். பார்படோஸில் மழையால் பிந்தித் தொடங்கி, 38 ஓவராகக் குறைத்து, எங்களுக்கு விடியும் வரை இழுத்தது. கில்கிறிஸ்ட் 104 பந்தில் 149. கையுறைக்குள் ஸ்குவாஷ் பந்து வைத்துக்கொண்டு அடித்தார் என்பது பிறகுதான் தெரிய வந்தது. சனத் ஜயசூரியவும் சங்கக்காரவும் நின்றவரை நம்பிக்கை இருந்தது. கடைசியில் மைதானம் இருட்டி, பந்து கண்ணுக்குத் தெரியாத வெளிச்சத்தில் முடித்தார்கள். 53 ஓட்டத் தோல்வி. அந்த நேரத்தில் நீங்கள் எப்படி இலங்கை அணியைப் பார்த்தீர்கள் என்று கேட்க ஒரு கூட்டம் இருக்கிறது என்பதும் எனக்குத் தெரியும். முரளிக்காகப் பார்த்தோம். ஜயசூரியவுக்காகவும் மாலிங்கவுக்காகவும் பார்த்தோம். பதினாறு, பதினெட்டு வயதில் கிரிக்கெட் பிடித்தது, அவ்வளவுதான். அதற்கு மேல் யாருக்கும் கணக்குக் கொடுக்க வேண்டியதில்லை.

அடுத்த நாள் இரவு அதே இறுதிப் போட்டியை நாங்கள் ஆடினோம். ஆடுவதற்கு முன் மச்சான் சொன்னான், “அவனுகட பேர் எல்லாம் சரியா இரிக்கி. எங்கட பேரைத் திருத்தாம நான் பட் பண்ண மாட்டன்.” உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திருத்தினோம். ஜயசூரிய, ஜயவர்தன, சங்கக்கார, வாஸ், முரளிதரன். வாஸ் எது என்பதில் ஒரு சண்டை. இடக்கை வேகம் என்று பார்த்துப் பிடித்தோம். அன்றைக்கு 38 ஓவரில் 281ஐத் துரத்த முடிந்ததா என்று கேட்காதீர்கள், சுலப மட்டத்தில் வைத்து ஆடினால் யாரும் துரத்தலாம். பெயரைத் திருத்தின அந்த ஒரு மணி நேரம்தான் எனக்கு ஞாபகம்.

இலங்கை முடிந்ததும் ஜிம்பாப்வே அணியைத் திறந்தோம். அதைத்தான் எங்கள் அணி ஆக்கினோம். மச்சான் தொடக்க வீரர். நான் மூன்றாவது. டியூசனில் கூடப் படித்த காத்தான்குடித் தோழன் ஒருவன் இதைக் கேள்விப்பட்டு, “என்ட பேரையும் போடு, விக்கெட் கீப்பரா” என்று பிடிவாதமாக நின்றான். அவனுடைய காக்காவையும், அதாவது அண்ணனையும், வேகப்பந்துக்குப் போட்டோம். ஆரையம்பதிக்கும் காத்தான்குடிக்கும் இடையில் ஒரு எல்லை வீதிதான். ஆனால் அந்த ஒரு வீதியைத் தாண்டி ஒரு பக்கத்துப் பொடியன் மறுபக்க மைதானத்தில் போய் விளையாடுவது அப்போது லேசான காரியமில்லை. நிஜ மைதானத்தில் அமைக்க முடியாத அணியை அந்தக் கேமில் அமைத்தோம். ஆங்கில எழுத்தில்தான் அடிக்க வேண்டும், நீளப் பெயருக்கு இடம் காணாது. அவரவர் பெயரை எங்கே வெட்டுவது என்று அவரவரிடமே கேட்டுத்தான் வெட்டினோம். அடுத்த வருடம் அஜந்த மெண்டிஸ் வந்து ஆசியக் கோப்பை இறுதியில் இந்தியாவின் 6 விக்கெட்டை 13 ஓட்டத்துக்கு எடுத்தபோது, அவர் கேமிலேயே இல்லை. வேறொரு சுழல்பந்துக்காரரின் பெயரை அழித்து அவரையும் ஏற்றினோம். அந்தக் கேம் எங்களுக்குப் பழசாகவே ஆகவில்லை.

மீள்குடியேற்றம் தொடங்கியதும் மாமாவின் குடும்பம் திரும்பிப் போனது. மச்சான் இப்போது கட்டாரில். ஃபோன் எடுத்தால் இன்னமும் கேட்பான், “அந்த டீம் இரிக்கா மச்சான்?”

இல்லை. ஏன் இல்லை என்பதைச் சொல்லாமல் என்னால் இந்தப் பதிலை எழுத முடியாது. கேள்விக்குச் சம்பந்தமில்லை என்று நினைப்பவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிப் போகலாம்.

ஒரு நாள் கொம்பியூட்டர் ஒன் ஆகவில்லை. டவுனில் ஒரு கடையில் கொடுத்தோம். பவர் சப்ளை போயிருந்தது. அதை மாற்றியிருந்தால் போதும். அவர்கள் கேட்காமலேயே விண்டோஸும் அடித்துக் கொடுத்தார்கள். அதாவது எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டுக் கொடுத்தார்கள், அதற்கும் சேர்த்துக் காசு. எங்கள் அணி போனது கிடக்கட்டும். அக்காவின் கெம்பஸ் ஆய்வறிக்கை பாதி எழுதியபடி அதில் இருந்தது. அவவின் கல்யாணப் படங்கள் இருந்தன. சித்தப்பா வந்து நின்ற கடைசி விசேஷம் அது. போய்க் கேட்டால், “விண்டோஸ் அடிச்சா எல்லாம் போகும்தானே” என்கிறார்கள். ஒரு வைத்தியரிடம் பல்வலிக்குப் போனால் கேட்காமல் காலை வெட்டுவாரா? இன்றைக்கும் பல கடைகளில் இதே பழக்கம்தான். எந்தப் பழுது என்றாலும் முதல் வைத்தியம் விண்டோஸ் அடிப்பது. உள்ளே என்ன இருக்கிறது, எடுத்து வைக்கவா என்று ஒரு கேள்வி கேட்க எவ்வளவு நேரம் ஆகும்? சனம் தன் பிள்ளையின் படத்தை, இறந்துபோனவர்களின் குரலை நம்பித் தருகிறது. அந்தப் பொறுப்பு உங்களுக்கு வேண்டும். தயவுசெய்து, கொம்பியூட்டர் திருத்தக் கொடுக்கும் முன் அழிக்கக் கூடாது என்று எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்.

சரி, கேமுக்கு வருகிறேன். ஏன் இதற்குப் புதுப் பாகம் வர வேண்டும்?

“இப்போதுதான் கிரிக்கெட் 22, 24 என்று மெல்பேர்னின் பிக் ஆண்ட் ஸ்டூடியோஸ் கேம் விடுகிறதே, அதில் நாமே வீரர்களை உருவாக்கலாமே” என்று சொல்லப்போகிறவர்களுக்கு: தெரியும். 2014இல் அவர்கள் டொன் பிராட்மன் கிரிக்கெட் விட்ட நாளிலிருந்து தெரியும். அவர்களை நான் குறை சொல்லவில்லை. யாரும் சீண்டாத விளையாட்டைத் தூக்கி நிறுத்தியவர்கள் அவர்கள்தான். அதற்கு முந்தைய வருடம் ஆஷஸ் கிரிக்கெட் 2013 என்று வேறு நிறுவனங்கள் விட்ட கேம் ஸ்டீம் என்ற இணையக் கேம் கடையில் வந்து, ஆட்டமே ஆட முடியாத அளவுக்குப் பிழை மலிந்து, சில நாளில் விற்பனையிலிருந்தே தூக்கப்பட்டது. அந்த வெறுமைக்குப் பிறகு வந்தவர்கள் என்ற மரியாதை எனக்கு இருக்கிறது.

ஆனால் அந்தக் கேம்களை எங்கள் பக்கத்துப் பொடியன் எதில் போடுவான்? இறக்குவதற்கே பல பத்து ஜிபி. தனி கிராஃபிக்ஸ் கார்ட் வேண்டும். கன்ட்ரோலர் இருந்தால்தான் ஒழுங்காக ஆட வரும். 2022இல் டொலர் 200 ரூபாயில் இருந்து 360க்குப் போன பிறகு கிராஃபிக்ஸ் கார்ட் விலையை விசாரித்துப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது விளங்கும். கிரிக்கெட் 07க்கு இது எதுவும் தேவைப்படவில்லை. அக்காவின் படிப்புக்கு வாங்கிய கொம்பியூட்டரில், கீபோர்டில், நெட் இல்லாமல் ஓடியது. ஒரு சிடியில் பக்கத்து வீட்டுக்குப் போனது.

அதனால் நான் கேட்பது சின்னது. அதே எடை, அதே கீபோர்ட், அதே வேகம். ஃபீல்டர் பந்தைக் கடந்து ஓடிவிட்டுத் திரும்பி வருகிற மாதிரியான பழைய கோளாறுகளைத் திருத்துங்கள். டெஸ்ட் போட்டியில் கொம்பியூட்டர் கொஞ்சம் பொறுமையாக ஆடக் கற்றுக்கொள்ளட்டும். தமிழில் ஒரு வர்ணனை இருந்தால் இன்னும் சந்தோஷம், அதுவும் முடிந்தால் ஊர்ச் சுற்றுப்போட்டி அண்ணன்மார் சொல்கிற மாதிரி.

உரிமம் இல்லாமல் கேம் விற்காது, உரிமம் வாங்கக் கட்டுப்படியாகாது, அதனால்தான் பெரிய நிறுவனங்கள் கிரிக்கெட் பக்கம் வருவதில்லை என்று ஒரு வாதம் உண்டு. இதே ஈஏ 2023இல் ஃபிஃபா என்ற பெயரையே விட்டுவிட்டு ஈஏ ஸ்போர்ட்ஸ் எஃப்சி என்று கால்பந்து கேமை விடவில்லையா? சனம் வாங்கத்தானே செய்தது? அங்கே கழகங்களின் உரிமமும் வீரர்களின் உரிமமும் கையில் இருந்தன என்று வாதிடலாம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கிரிக்கெட் ஆடுகிற நாங்கள் உரிமம் இல்லாத கேமிலேயே வளர்ந்தவர்கள். எங்களுக்குப் பெயரில்லாமலே தாருங்கள். ஆட்டத்தைச் சரியாகச் செய்து, பதினொரு இடத்தை வெறுமையாக விட்டு, மாற்றுகிற வசதியைத் தாராளமாகத் திறந்து விடுங்கள். மிச்சத்தை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

வெறும் பேச்சுக்குச் சொல்லவில்லை. பிளானட் கிரிக்கெட் என்ற தளத்தில் ரசிகர்கள் அந்தக் கேமுக்குச் சட்டையும் மைதானமும் பட்டும் வீரர் முகமும் செய்து செய்து குவித்தார்கள். 2008இல் ஐபிஎல் தொடங்கியது, 2006இல் வந்த கேமுக்குள் ஐபிஎல் அணிகளையும் கொண்டுவந்துவிட்டார்கள். ஒரு ரூபாய் சம்பளமில்லாமல், பரீட்சைக்குப் படிக்கிற பொடியன்மார் இரவிருந்து செய்த வேலை அது. இவ்வளவு காலத்துக்குப் பிறகும் ஒரு கேமைச் சனம் கைவிடவில்லை என்றால் அதற்கு இரண்டாம் பாகம் எடுக்க இதைவிட என்ன காரணம் வேண்டும்?

கடைசியாக ஒன்று. “நீங்கள் எல்லாம் கொப்பி சிடியில் விளையாடியவர்கள், புதுப் பாகம் கேட்க என்ன உரிமை” என்று கேட்பார்கள். கொப்பிதான். அப்போது எங்கள் டவுனில் எந்தக் கடையிலும் ஒரிஜினலை நான் கண்டதில்லை. இப்போது ஈமெயிலும் கார்டும் இருக்கிறது, உழைக்கிறோம், காசு கொடுத்து வாங்க ஆயத்தமாக இருக்கிறோம். ஆனால் இன்றைக்கும் ஸ்டீமில் அந்தக் கேம் விற்பனைக்கு இல்லை. புதுப் பாகம் எடுக்க மனமில்லை என்றால் பழையதையாவது விண்டோஸ் 11இல் ஒழுங்காக ஓடுகிற மாதிரிச் செய்து விற்கட்டும். முதல் நாளே இரண்டு வாங்குவேன், ஒன்று கட்டாருக்கு.